செங்கல் அறுக்கும் முன் தலைகளை எண்ணுங்கள்

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் தலைநகரான லிலாங்வேயில் உங்களோடு வேலை பார்க்கும் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து பணம் திரட்டியிருக்கிறீர்கள். டோவா மாவட்டத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளிக்குக் கொடுப்பதாக உத்தேசம். எட்டு வகுப்பு, ஆறு அறை, தலைமையாசிரியரையும் சேர்த்து 11 ஆசிரியர்கள், ஏறக்குறைய 780 பிள்ளைகள். ஒன்றாம் வகுப்பில் மட்டும் 190 பேர், எட்டாம் வகுப்பில் 38 பேர். இரண்டாம், மூன்றாம் வகுப்புகள் மரத்தடியில் நடக்கின்றன. கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டு அறை கட்டலாம். கட்டினால் நெரிசல் தீருமா?

தீராது. கட்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் கட்டடக்காரன்; மலாவியில் ஆறு வருடம் பள்ளிக் கட்டடங்கள்தான் கட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

நான் பொறுப்பேற்றுக் கட்டிய முதல் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு மாமரத்தடியில் இருந்தது. இரண்டு அறை, நல்ல சிமென்ட் தரை, முன்பக்கம் முழுக்கக் கரும்பலகை. சாவியைக் கொடுத்த அன்று ஊரே கூடி ஆடியது. பத்து மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். புது அறைகளில் ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் உட்கார்ந்திருந்தன. அறைக்கு முப்பத்தைந்து, நாற்பது பேர். ஒன்றாம் வகுப்பு அதே மாமரத்தடியில். யாரையும் குறை சொல்ல வாய் வரவில்லை. அறை யாருக்கு என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

இது அந்த ஒரு பள்ளியின் கதை மட்டுமில்லை. எட்டாம் வகுப்பு முடிவில் அரசுத் தேர்வு இருக்கிறது. மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைப்பது அதை வைத்துத்தான். எத்தனை பேர் தேறினார்கள் என்பதுதான் அந்தப் பள்ளிக்கும் தலைமையாசிரியருக்கும் பெயர். ஒன்றாம் வகுப்பில் எத்தனை பேருக்கு எழுத்துத் தெரிந்தது என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை. ஆகவே நல்ல ஆசிரியர், நல்ல அறை, இருக்கிற நான்கு பெஞ்சு எல்லாம் மேலே போய்விடும். ஒன்றாம் வகுப்பு புதிதாக வந்தவருக்கோ, தலைமையாசிரியரோடு ஒத்துப்போகாதவருக்கோ விழும். ஆசிரியர்களே அதைத் தண்டனை மாதிரிதான் பேசுவார்கள்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 780 பிள்ளைக்கு 11 பேர் என்றால் ஆளுக்கு 71. மலாவி அரசு வைத்திருக்கும் இலக்கு ஓர் ஆசிரியருக்கு 60. சராசரி கொஞ்சம் மோசம், அவ்வளவுதான். ஆனால் 190 பேரிடம் ஒருவர் நிற்கிறார். 38 பேரிடம், பாடவாரியாகப் பிரித்துக்கொண்டு, இரண்டு பேர் மாறி மாறிப் போகிறார்கள். அதனால் பணத்தை எடுக்கும் முன் தலைமையாசிரியரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: எந்த ஆசிரியர், எந்த வகுப்பு, எந்த மணி நேரம். பெரும்பாலும் ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு நான்கு பேர் இருப்பார்கள். அதை மூன்றாக்கி, தலைமையாசிரியர் ஒரு பாடம் எடுத்தால் ஒருவர் கீழே வரலாம். 190 பேர் 95 ஆகிவிடும். ஒரு செங்கல் கூட வைக்கவில்லை.

95 பேர் ஒரு வகுப்பா என்று கேட்பீர்கள். அதுவும் அதிகம்தான். ஆனால் 190 என்றால் என்ன என்று பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். அறை சுமார் 600 சதுர அடி இருக்கும். ஆளுக்கு மூன்று சதுர அடி, செய்தித்தாளின் ஒரு பக்கத்தை விடச் சற்றுப் பெரிய இடம். அதில் பிள்ளை காலை மடக்கி உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து எழுத வேண்டும். ஆசிரியருக்குக் கரும்பலகை ஓரமாக நடக்க ஒரு முழ அகலம் மிஞ்சும். பின்வரிசைக்குப் போக வழியே கிடையாது. நோட்டு ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று திருத்தினாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே திருத்துவதில்லை. என்ன செய்வார்? பலகையில் 'மா, மே, மி, மோ, மு' என்று எழுதிக் குச்சியால் தட்டுவார். அறையே அதிரும்படி பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். வெளியே நின்று கேட்டால் பிரமாதமான வகுப்பு மாதிரி இருக்கும். ஒருநாள் அந்த ஆசிரியையிடம் அனுமதி வாங்கி, குச்சியை வரிசை மாற்றி வைத்துப் பார்த்தேன், முதலில் 'மு', அப்புறம் 'மே'. முன்னால் இருந்த இரண்டு வரிசை சரியாகச் சொன்னது. மற்றவர்கள் எப்போதும் போல 'மா, மே, மி' என்று பாடிக்கொண்டு போனார்கள். ஆசிரியை சிரித்துவிட்டார். அவருக்குத் தெரியாததா!

இந்த நிலைமை எப்படி வந்தது என்று தெரிந்தால் எங்கே கை வைப்பது என்பதும் புரியும். 1994இல் மலாவியில் முதல் பல கட்சித் தேர்தல் நடந்தது. பக்கிலி முலூசி ஜனாதிபதியானார். தொடக்கக் கல்விக்குக் கட்டணம் இல்லை என்பது அவருடைய பெரிய வாக்குறுதி. அந்த வருடமே நிறைவேற்றினார். 19 லட்சமாக இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை ஒரே வருடத்தில் 29 லட்சத்தைத் தொட்டது. சுமார் 20,000 பேரை, பெரும்பாலும் பயிற்சி இல்லாமலே, ஆசிரியர்களாக எடுத்தார்கள். உகாண்டாவில் 1997, தான்சானியாவில் 2001, கென்யாவில் 2003 என்று அடுத்தடுத்து இதே அலை அடித்தது. அதைத் தப்பான முடிவு என்று நான் சொல்ல மாட்டேன். காசு இல்லாமல் வீட்டில் கிடந்த பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். ஆனால் கட்டடமும் ஆசிரியரும் அந்த வேகத்துக்குப் பின்னால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். மக்கள்தொகையும் சும்மா இல்லை. 2008 கணக்கெடுப்பில் 1 கோடியே 30 லட்சம், 2018இல் 1 கோடியே 75 லட்சம்.

இரண்டு அறை கட்டினால் அந்த ஓட்டத்தில் ஒரு வருடம் மூச்சு விடலாம். அப்புறம்?

கீழ் வகுப்பு வீங்கிக் கிடப்பதற்குப் பிறப்பு எண்ணிக்கை மட்டும் காரணமில்லை. மலாவியில் ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அதே வகுப்பில் மறுபடி உட்காருகிறார். உங்கள் 190இல் நாற்பத்தைந்து பேர் போன வருடத்துப் பிள்ளைகளாக இருக்க வாய்ப்பு உண்டு. நெரிசலால் படிக்கவில்லை, படிக்காததால் நிறுத்திவைக்கிறார்கள், நிறுத்திவைத்ததால் நெரிசல் கூடுகிறது. அந்த நாற்பத்தைந்தைப் பாதியாகக் குறைத்தால் அரை அறை கட்டிய மாதிரி, அதுவும் வருடா வருடம்.

பதிவேட்டை வாங்கிப் பாருங்கள், ஏன் தங்கினார்கள் என்று கொஞ்சம் தெரியும். பள்ளி செப்டம்பரில் திறக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை பசி மாதங்கள்; போன அறுவடைச் சோளம் தீர்ந்து, புதுச் சோளம் வராத காலம். மழையும் அப்போதுதான். பிள்ளைகள் வயலுக்குப் போவார்கள், அல்லது வெறும் வயிற்றோடு நடக்க முடியாமல் வீட்டிலேயே இருப்பார்கள். ஏப்ரலில் திரும்பி வந்தால் பாடம் எங்கோ போயிருக்கும். பள்ளியில் காலைக் கஞ்சி கிடைத்தால் இது பெருமளவு மாறும். மேரிஸ் மீல்ஸ் என்ற தொண்டு நிறுவனம் 2002 முதல் மலாவிப் பள்ளிகளில் சோளமும் சோயாவும் கலந்த 'லிகுனி பாலா' கஞ்சி கொடுத்து வருகிறது. ஆனால் ஒன்று: கஞ்சி வந்தால் தம்பி தங்கைகளும் வருவார்கள். நான்கு வயசுப் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து, குவளையைக் கையில் பிடித்தபடி பத்து மணிக்குத் தூங்கும். விரட்ட மனசு வராது, விரட்டவும் கூடாது. பல ஊர்களில் ஊராரே நடத்தும் பாலர் பள்ளிகள் இருக்கின்றன. உங்கள் ஊரில் இருந்தால் கஞ்சியில் ஒரு பங்கை அங்கே அனுப்பச் சொல்லுங்கள். சின்னதுகள் அங்கே போய்விடும். 190 எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

இதற்காகத்தான் எண்ணச் சொல்கிறேன். பதிவேட்டில் இருக்கும் எண் வேறு, வகுப்பில் இருக்கும் தலை வேறு. ஐந்து நாள், ஒரு சந்தை நாளும் சேர்த்து, ஒவ்வொரு வகுப்பிலும் தலையை எண்ணுங்கள். ஆறு வயது ஆகாதவர், அதே வகுப்பில் மறுபடி உட்காருபவர் எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள். பெற்றோர் குழுவில் இருக்கும் அம்மாக்களிடம் விட்டால் சரியாகச் செய்வார்கள்; எந்தப் பிள்ளை எந்த வீடு, என்ன வயசு என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, ஆட்களைக் கூட்டுவதைப் பற்றி. கென்யாவின் மேற்குப் பகுதியில் 2005இல் தொடங்கிய ஓர் ஆய்வு இருக்கிறது. எஸ்தர் டுஃப்லோ, பாஸ்கலின் டூபாஸ், மைக்கேல் கிரேமர் ஆகியோர் செய்தது (டுஃப்லோவும் கிரேமரும் 2019இல் பொருளாதார நோபல் வாங்கியவர்கள்). 140 பள்ளிகளுக்கு, ஒன்றாம் வகுப்புக்கென்று உள்ளூரில் ஒருவரை ஒப்பந்தத்தில் அமர்த்தப் பணம் கொடுத்தார்கள். எண்பதுக்கு மேல் இருந்த வகுப்பு ஏறக்குறைய பாதியானது. எல்லோரும் படித்துவிட்டார்களா? இல்லை. பழைய அரசு ஆசிரியரிடமே இருந்த பிள்ளைகளுக்கு வகுப்பு சிறிதானதால் சொல்லும்படி எதுவும் கூடவில்லை. உதவிக்கு ஆள் வந்துவிட்டதால் அந்த ஆசிரியர்கள் வகுப்புக்கு வருவதே குறைந்தது. ஒப்பந்த ஆசிரியரிடம் போன பிள்ளைகள் முன்னேறினார்கள். சில பள்ளிகளில் வகுப்பைக் குலுக்கல் மாதிரிப் பிரிக்காமல் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை வைத்துப் பிரித்தார்கள். அங்கே மேலே இருந்தவர், கீழே இருந்தவர் இரண்டு தரப்புமே முன்னேறினார்கள். இன்னொரு சங்கதி, நம் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும்: புது வேலைக்குப் பல இடங்களில் ஏற்கெனவே இருந்த ஆசிரியர்களின் உறவுக்காரர்களே வந்து சேர்ந்தார்கள். பெற்றோர் குழுவுக்குப் பயிற்சி கொடுத்துக் கண்காணிக்க வைத்த பள்ளிகளில் அது குறைந்தது, பழைய ஆசிரியர்களின் வருகையும் ஒழுங்கானது.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: உங்கள் பணத்தில் ஒரு பகுதியை இரண்டு உதவி ஆசிரியர்களின் மூன்று வருடச் சம்பளமாக ஒதுக்குங்கள். மேல்நிலைப் படிப்பு முடித்துவிட்டு வேலை இல்லாமல் ஊரிலேயே இருக்கும் இளம்பெண்கள் கிடைப்பார்கள். தேர்வு செய்வது பெற்றோர் குழு, சம்பளம் மாதா மாதம் வருகையைப் பார்த்து, அவர்கள் ஒன்றாம், இரண்டாம் வகுப்பைத் தவிர வேறு எங்கும் போகக் கூடாது என்று எழுத்தில். இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் அவர்களும் எட்டாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மலாவியில் பள்ளிகளுக்கு வரும் மானியத்தில் துணை ஆசிரியர் வைத்த முன்மாதிரி உண்டு, மறுக்க மாட்டார்கள்.

தெரிந்ததை வைத்துப் பிரிப்பதும் பெரிய வித்தை இல்லை. நம் நாட்டில் 'பிரதம்' என்ற கல்வித் தொண்டு அமைப்பு வளர்த்த முறை அது: ஒரு தாளில் எழுத்து, சொல், சின்னப் பத்தி, எது வரை படிக்கிறான் என்று பார்த்து, தினம் ஒரு மணி நேரம் வயசு பார்க்காமல் அந்தந்தக் குழுவில் உட்கார வைப்பது. பக்கத்து நாடான ஜாம்பியா 2016 முதல் அதை அரசுப் பள்ளிகளில் செய்கிறது. அங்கே கிழக்கில் பேசும் சின்யாஞ்சாவும் மலாவியின் சிச்சேவாவும் ஏறக்குறைய ஒரே மொழி, அதனால் அவர்களுடைய தாள் உங்களுக்கும் உதவலாம்.

பெரிய கூட்டத்துக்குப் பாடம் சொல்வதில் நம் பக்கத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைகள் காப்பகத்துக்குப் பொறுப்பாளர் ஆனார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் ஆசிரியர்கள் அதைச் செய்ய மறுத்ததும், கொஞ்சம் தெரிந்த ஒரு சின்னப் பையனையே மற்றவர்களுக்குச் சொல்லித்தர வைத்தார். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைதான்! 1797இல் பெல் இதை எழுதி வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தெல்லாம் பரவியது. அதன் கெடுதலும் தெரிந்ததே: சொல்லிக் கொடுக்கிற பிள்ளையின் படிப்பு நின்றுபோகும், பாடம் வெறும் ஒப்பிப்பாகிவிடும். அதனால் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை நாளுக்கு இருபது நிமிடம் மட்டும், பத்துப் பத்துச் சின்னவர்களோடு எழுத்தை வரிசை மாற்றிக் கேட்க வைத்தால் போதும். பலகை இல்லையே என்று கவலை வேண்டாம், மரத்தடியில் மண் இருக்கிறது.

தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் வந்தபோது சுவரின் கீழ்ப்பகுதியில், பிள்ளை உட்கார்ந்தபடி எழுத, சுற்றிலும் கரும்பலகை பூசினார்களே, அதை மட்டும் அப்படியே எடுத்துப் போங்கள். அந்த முறையின் பாட அட்டைகளும், பிள்ளை படிப்படியாக ஏறும் கற்றல் ஏணிப்படியும் 95 பேர் வகுப்பில் நடக்காது. ஆனால் இடுப்பளவு உயரத்தில் மூன்று சுவரிலும் சிமென்ட் பூசிக் கறுப்பு அடித்துவிட்டால் ஒரே நேரத்தில் முப்பது பேர் எழுதுவது ஆசிரியர் கண்ணில் படும். மிகக் குறைந்த செலவு. இருக்கும் ஆறு அறைகளிலும் செய்யுங்கள்.

டேப்லெட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மலாவியில் அது வெறும் பேச்சில்லை. சிச்சேவாவிலும் பாடம் நடத்தும் செயலியை உருவாக்கிய ஒன்பில்லியன் அமைப்பு 2019இல் எக்ஸ்பிரைஸ் என்ற உலக அளவிலான கல்விச் செயலிப் போட்டியின் பரிசைப் பகிர்ந்துகொண்டது. அரசே சோலார் வைத்துக் கீழ் வகுப்புகளுக்குக் கொண்டுபோகிறது. ஒரு குழு வேறு அறைக்குப் போய்ப் படிக்கும் நேரத்தில் மிச்சப் பேருக்கு வகுப்பு சிறியதாகும் என்பதும் உண்மை. ஆனால் பூட்டு, சார்ஜ், பழுது என்று பின்னாலேயே ஓட ஆள் வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் தனியாகத் தொடங்கும் வேலை இல்லை அது. அரசுத் திட்டம் அந்தப் பள்ளிக்கு எப்போது வரும் என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

இப்போது கட்டடம். மேலே சொன்னதைச் செய்தால் ஒன்றாம் வகுப்பு மூன்று குழுவாகும், அவற்றுக்கு இடம் வேண்டும். முதல் இரண்டு வகுப்புகள் மற்றவர்களை விடச் சீக்கிரம் விட்டுவிடும்; அதற்கப்புறம் அந்த அறை காலியாகத்தான் கிடக்கும், மேல் வகுப்பை அங்கே மாற்றலாம். பக்கத்தில் தேவாலயம் இருந்தால் வார நாட்களில் திறந்துவிடச் சொல்லுங்கள், மலாவியில் நிறைய இடத்தில் நடப்பதுதான். இவ்வளவுக்கும் பிறகு பணம் மிஞ்சினால், நான் வகுப்பறைக்கு முன்னால் ஆசிரியர் வீடு ஒன்று கட்டுவேன். சிரிக்காதீர்கள். ஆசிரியர்கள், குறிப்பாகப் பெண்கள், கடைவீதியும் மின்சாரமும் இருக்கும் ஊரை ஒட்டியே வேலை கேட்டு வாங்கிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் பள்ளிக்கு யாரும் வருவதில்லை, வந்தாலும் தங்குவதில்லை. ஒழுகாத கூரையும் ஒரு சோலார் விளக்கும் உள்ள வீடு இருந்தால் மாவட்ட அலுவலகத்தில் "எங்களுக்கு இன்னொருவரை அனுப்புங்கள்" என்று கேட்க வாய் இருக்கும். அந்த ஆசிரியருக்கு அரசு சம்பளம் தரும், நீங்கள் போன பிறகும்.

வகுப்பறைதான் என்று முடிவானால் மூன்று விஷயம் என் அனுபவத்தில். நான்கு பக்கமும் முழுச் சுவர் எழுப்பாதீர்கள். அரைச் சுவரும் அகல வராண்டாவும் வைத்தால் அதே பணத்தில் மூன்று வகுப்பு உட்காரும். தகரக் கூரையை இரும்புக் கம்பியால், சுவரின் உச்சியில் சுற்றி ஓடும் கான்கிரீட் பெல்ட்டோடு இறுக்கிக் கட்டுங்கள். ஆணியை மட்டும் நம்பிய கூரை மழைக்கு முன்னால் அடிக்கும் காற்றில் பறந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன். சூளைச் செங்கல்லுக்கு ஊரார் உழைப்பைத் தருவார்கள், மலாவியில் அது வழக்கம். ஆனால் அந்தச் சூளைக்கு எரியும் மரம் கொஞ்சநஞ்சமில்லை. கொஞ்சம் சிமென்ட் கலந்து மண்ணை அழுத்தி எடுக்கும் கல்லுக்கு மெஷின் வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். சலீமா மாவட்டத்தில் 2021இல் முப்பரிமாண அச்சு எந்திரத்தால் ஒரு பள்ளியின் சுவரை ஒரே நாளுக்குள் எழுப்பிக் காட்டினார்கள், உலகமே படம் போட்டது. சுவர் எழுப்புவது எங்கேயும் பிரச்சினையாக இருந்ததில்லை.

சாவி கொடுக்கும் முன் ஊர்த்தலைவர், தலைமையாசிரியர், பெற்றோர் குழு மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் வாங்குங்கள்: இந்த அறை ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு மட்டும். தலைமையாசிரியரை எதிரியாக்கிக்கொள்ளாமல் இதைச் செய்ய வேண்டும். எட்டாம் வகுப்புக்கு நான்கு பெஞ்சும் மாலைப் படிப்புக்கு ஒரு விளக்கும் கூடவே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அவரும் அதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்தானே.

கல் அறுக்கும் பருவம் மழை நின்று மே மாதம்தான் தொடங்கும், கூரை நவம்பருக்குள் ஏறினால் போதும். அதுவரை அவசரம் இல்லை. ஐந்து நாள் எண்ணிக்கையும் ஆசிரியர் கால அட்டவணையும் கையில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். எத்தனை அடி வராண்டா, எத்தனை மூட்டை சிமென்ட் என்று அதைப் பார்த்துக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.